மதிலடிச் சந்தில் மட்டும் தங்காதீர்கள்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். நாலு வரவில்லை. ஒன்று வந்தது: சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு உடுத்துவார். அந்த இஸ்திரியும் அக்கா போட்டது.

அவருக்கு ரயில் நிலையத்தில் வேலை. ரயில்வே வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டால் அவர் அப்படித்தான் நினைக்க வைப்பார். பயணிகள் வெளியே போகிற வழியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. ஏதோ ஒரு கம்பெனி வைத்தது. மேலே ‘தங்குமிடத் தகவல்’ என்று பலகை. உள்ளே ஒரு சுழல் நாற்காலி, ஒரு மேஜை விசிறி, சுவரில் ஊர் வரைபடம், வரைபடத்துக்கு முன்னால் இவர். ஒரு குச்சியும் உண்டு. வரைபடத்தைத் தட்டிக் காட்டுவதற்கு. அந்தக் குச்சியைக் கையில் எடுத்துவிட்டால் மனிதருக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

எங்கள் ஊர் பழைய ஊர். மதில் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, பாதி இடிந்த அரண்மனை இருக்கிறது. ராஜாக்கள் செத்து எத்தனையோ தலைமுறை ஆகியும் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் ஊர் சாப்பிடுகிறது. பார்க்க வருகிற கூட்டத்துக்கு ஒரே கவலை, எந்தப் பக்கம் தங்குவது என்பதுதான். ஒரு மாதம் போனைத் துழாவி, படம் பார்த்து, யார் யாரோ எழுதியதை எல்லாம் படித்து, அறையும் பதிவு செய்துவிட்டு வந்தவர்கள்கூட ரயிலை விட்டு இறங்கியதும் அந்தக் கூண்டுக்கு முன்னால் போய் நிற்பார்கள். “சார், இந்த ஏரியா நல்ல ஏரியாவா?” அத்தனை படிப்பும் படித்துவிட்டு, கடைசியில் முன்பின் தெரியாத ஓர் ஆள் தலையாட்டினால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். அதற்கு இவரைப் போல ஒருவர் கிடைப்பதும் நியாயம்தான்.

இவர் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் செருப்பு, அப்புறம் பெட்டி. “அது ரெண்டையும் பாத்தா போதும் மாப்ள, ஆளு எந்த ஏரியான்னு சொல்லிடலாம்” என்று என்னிடமே பெருமை பேசியிருக்கிறார். கழுத்தில் கேமரா தொங்கினால் கோட்டைக்குள். “அங்கதான் சார் சரித்திரம் இருக்கு” என்று குச்சியால் ஒரு தட்டு. அங்கே இருப்பது பொம்மைக் கடைகளும், அரைமணிக்கு ஒருமுறை தூக்கத்தைக் கெடுக்கிற மணிக்கூண்டும். கைகோத்துக்கொண்டு வந்தால் ஆற்றங்கரை. கொசுவைப் பற்றி மூச்சுவிட மாட்டார். பழைய பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தால் ஸ்டேஷன் பின்புறம். கூடவே வயசானவர்கள் வந்தால் எக்ஸ்டென்ஷன். அதாவது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்குமாடிப் பக்கம். லிப்ட் உண்டு, பார்க் உண்டு, பார்க்க வந்த ஊர் மட்டும் கிடையாது.

யாரை எங்கே அனுப்பினாலும் கடைசியில் ஒன்று சொல்வார். குச்சியை வரைபடத்தின் கீழ் மூலைக்குக் கொண்டுபோய், தொடாமல் பிடித்துக்கொண்டு சொல்வார்: “எங்க வேணா தங்குங்க. மதிலடிச் சந்துல மட்டும் தங்கிடாதீங்க.”

மதிலடிச் சந்தில்தான் அவர் வீடு. அவர் வீடு என்ன, எங்கள் வீடு. எங்கள் அப்பா அம்மாவுக்குப் பிறகு அக்காவுக்கு வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அங்கேதான் சாப்பிடுகிறார், அங்கேதான் தூங்குகிறார். அவர் பிறந்ததும் அதே சந்துதான், நாலு வீடு தள்ளி.

சந்து அப்படி ஒன்றும் மோசமில்லை. மதிலை ஒட்டிய வரிசை. எங்கள் வீட்டுப் பின்சுவரே மதில்தான். அந்தப் பக்கம் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே சுவரைப் படம் எடுக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஆணி அடித்து வாணலியை மாட்டியிருக்கிறோம். வெயில் உச்சிப் பொழுதுக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் சுவர் இடுப்பளவுக்கு ஈரம் ஏறும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வழிவிட வேண்டும், அதனால் யாரும் யாரோடும் ரொம்ப நாள் பேசாமல் இருக்க முடியாது. இதெல்லாம் குறைதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் குறை சொல்கிற உரிமை அங்கே வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற மனிதருக்கு எங்கிருந்து வந்தது?

எங்கள் சந்தில் அவருக்கு ‘ஏரியா’ என்றே பெயர். யாரைப் பார்த்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் “எந்த ஏரியா?” என்று கேட்பார். பதில் அவருக்குப் பிடித்தால்தான் அடுத்த வார்த்தை. “ஏரியா வர்றாரு, வழி விடுங்க” என்று பொடிசுகள்கூடக் கிண்டல் செய்யும். அவருக்கு அது மரியாதை என்று எண்ணம்.

நான் சந்து முனையில் கடை வைத்திருக்கிறேன். பெட்டிச் சக்கரம் மாற்றுவது தொழில். மதில் வாசலிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் கல் பாவிய தெரு. ராஜா காலத்துக் கல் என்று யாரையும் தொடவிட மாட்டார்கள். தள்ளுபெட்டியை அதில் தடதடவென்று இழுத்துக்கொண்டு வருவார்கள். சரித்திரத்தின் மேல் அவ்வளவு ஆசை இருப்பவர்கள் பெட்டியைத் தலையில் சுமந்து வரவேண்டியதுதானே. பாதித் தெரு தாண்டுவதற்குள் சக்கரம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். நான் யாரையும் ஏமாற்றுவதில்லை, தெருவே பார்த்துக்கொள்கிறது. பெட்டியை வாங்கியதும் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டு, சாக்பீஸால் பெட்டியின் மேலேயே எழுதிவிடுவேன். வேலை முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு.

ஒருமுறை சக்கரம் வாங்க எக்ஸ்டென்ஷன் பக்கம் போனேன். சாயங்காலம். பார்க் பெஞ்சில் நம்மாள் உட்கார்ந்திருக்கிறார். மடியில் சாப்பாட்டுப் பை. எதிரே இருந்த அடுக்குமாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன். மூன்றாவது மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. உடனே எழுந்தார், பையைத் தட்டிவிட்டுக்கொண்டார், ரோட்டைத் தாண்டி, ஊருக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

எனக்கு விளங்க இரண்டு நாள் பிடித்தது. அவர் கூண்டுக்குப் பக்கத்துக் கூண்டில் டாக்ஸி டோக்கன் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். அவர் வீடு அந்த மூன்றாவது மாடி. அவரிடம் இவர், தானும் எக்ஸ்டென்ஷன்தான் என்று என்றைக்கோ விட்டிருக்கிறார். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே! தினமும் அவரோடு ஒரே பஸ்ஸில் போய், “சரி, நாளைக்குப் பாப்போம்” என்று பிரிந்து, அவர் வீட்டில் விளக்கு எரிகிற வரைக்கும் பெஞ்சில் காத்திருந்து, வந்த வழியே திரும்பி வருகிறார். கல்யாணம் ஆனதிலிருந்து அக்கா, “ஸ்டேஷன்ல வேலை ஜாஸ்தி, பாவம்” என்று சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தது இந்தப் பெஞ்சுக்காகத்தான்.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, பைத்தியம் யாரையும் கடிக்கவில்லையே என்று விட்டுவிட்டேன். கடித்துக்கொண்டுதான் இருந்தது.

அக்கா அப்போது ஆற்றங்கரை ஓட்டலில் வேலை பார்த்தாள். அறை காலியானதும் பாத்ரூம் கழுவ வேண்டும், படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், மாடிப்படி துடைக்க வேண்டும். முழங்கால் இரண்டும் போய்விட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும், எழுந்தால் உட்கார மனசு வராது. இவர் சம்பளம் சட்டைக்கும் ஷூவுக்கும், தேவையில்லாத ஒரு பஸ்ஸில் தினமும் போய்வருவதற்கும் சரியாக இருந்தது. கைகோத்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் இவர் ஆற்றங்கரைக்கு அனுப்பி வைப்பார், அவர்கள் குளித்துவிட்டுப் போன தரையை அக்கா முழங்காலிட்டுத் தேய்ப்பாள். இவர் குச்சி எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ அவ்வளவுக்கு அக்காவுக்கு வேலை.

அதிலிருந்து வெளியே வர அக்காவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வீட்டு மாடி அறை. அப்பா இருந்த அறை. அதை வாடகைக்கு விட்டால் ஓட்டலுக்குப் போகவேண்டாம். எனக்கு விடியற்காலையில் டீ கொடுக்கும்போதெல்லாம் அந்த அறையைப் பற்றியே பேசுவாள். சுவரைச் சுரண்டி ஈரம் வாங்காத பூச்சு பூசினாள். அறைக்குள்ளேயே ஒரு பாத்ரூம் கட்டவைத்தாள். மெத்தை வாங்கினாள். ஓட்டலில் கற்றுக்கொண்ட மாதிரியே விரிப்பை நாலு மூலையும் இழுத்துச் செருகி, ஒரு புதுச் சோப்பை உறை பிரிக்காமல் வைத்து, தண்ணீர்க் கூஜாவின் மேல் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். நான் படம் எடுத்து, என் போனிலேயே பதிவு போட்டுக் கொடுத்தேன். ‘மதிலை ஒட்டிய வீடு. மாடி அறை. அமைதியான சந்து.’

ஏரியாவுக்கு இது பிடிக்கவில்லை. “யாரு வருவா இங்க?” என்று மட்டும் கேட்டார். அக்கா, “வருவாங்க” என்றாள்.

வந்தார்கள். அதாவது பதிவு செய்தார்கள். முதலில் ஒரு கணவன் மனைவி. அன்றைக்கு அக்கா ஓட்டலுக்கு லீவு போட்டு, வாசலைக் கழுவி, ரயில் வருகிற நேரத்துக்கு ஜன்னலில் நின்றாள். ரயில் வந்தது. சத்தம் எங்கள் மதில் வரைக்கும் கேட்கும். அவர்கள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போனில், பதிவை ரத்து செய்துவிட்டதாகச் செய்தி. அடுத்து மூன்று தோழிகள். அதே கதை. அடுத்து அப்பாவும் மகனுமாக. அதே கதை. வேண்டாம் என்றால் வீட்டிலிருந்தே வேண்டாம் என்று சொல்லலாம். இவர்கள் எல்லோரும் ஊருக்கு வந்து இறங்கிய பிறகு மனசு மாறினார்கள்.

“ஸ்டேஷன் வரைக்கும் வந்தவங்க எங்கடா போனாங்க?” என்று அக்கா என்னைக் கேட்டாள். அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வர்றவங்களுக்கு ஆயிரம் இருக்கும். இதுக்கெல்லாம் மனசை விடாத. கொஞ்சம் குழம்பு ஊத்து” என்றார்.

அக்கா ஊற்றினாள்.

அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை. அவ்வளவு கீழே ஒரு மனிதர் இறங்குவார் என்று நினைத்தால்தானே தட்டும்.

ஒரு மத்தியானம் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக ஊர் சுற்றுகிறவர். பெட்டியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். படித்துறைக் கல்லில் இரண்டு சக்கரமும் தெறித்துவிட்டன. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பவேண்டும், ஆள் கடும் கோபத்தில் இருந்தார்.

“எங்கம்மா தங்கியிருக்கீங்க?” என்றேன், சாக்பீஸை எடுத்துக்கொண்டு.

“ஆத்தங்கரை ஓட்டல். ராத்திரி பூரா கீழ பாட்டுக் கச்சேரி, கொசு வேற. நான் பதிவு பண்ணியிருந்தது வேற இடம் தம்பி. ஸ்டேஷன் கூண்டுல ஒருத்தர் அங்க போகவே கூடாதுன்னுட்டார்.”

போனை நீட்டிக் காட்டினார். அதில் மாடி அறை. இழுத்துச் செருகிய விரிப்பு, கூஜாவின் மேல் கவிழ்த்த டம்ளர்.

அந்த நேரம் பார்த்து அக்கா என் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். மதியம் எனக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஓட்டலுக்குப் போவது அவள் வழக்கம். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க இங்கயா இருக்கீங்க? நீங்கதானே நேத்து என் ரூமைக் கழுவினீங்க?” என்றார்.

அக்கா போனில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரித்துவைத்த படுக்கையில் படுக்க வந்தவருக்கு, அடுத்தவன் ஓட்டலில் அவளே பாத்ரூம் கழுவிக் கொடுத்திருக்கிறாள்.

“அங்க போகக்கூடாதுன்னு யாரு சொன்னா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கண்ணாடிக் கூண்டுல, நல்லா இஸ்திரி போட்ட சட்டை. கையில குச்சி. நான் இந்தப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் பக்கத்துக் கூண்டு ஆளை ஒரு பார்வை பாத்துட்டு, ‘மதிலடி வேண்டாங்க. ஒரே ஈரம், எலி. பொம்பளைங்க தனியா தங்குற இடமே இல்ல’ன்னாரு.”

அக்கா பாத்திரத்தை என் பலகையில் வைத்தாள். “எங்க வீட்ல எலி இல்ல” என்றாள். அதைத்தான் முதலில் சொன்னாள். பிறகு அந்த அம்மாளிடம், “மாடில ஜன்னலைத் திறந்தா மதில் மேல புறா உக்காந்திருக்கும். அதைப் படத்துல போட மறந்துட்டோம்” என்றாள்.

அந்த அம்மாளுக்கு விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும். “அடுத்த தடவை கண்டிப்பா உங்ககிட்டதான்” என்றார். அடுத்த தடவை என்று ஒன்று யாருக்கும் வருவதில்லை. இந்த ஊரை ஒருமுறை பார்த்தால் போதும்.

கமிஷனுக்காகச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. அதில் ஒரு கணக்காவது உண்டு. இந்த ஆள் சல்லிக்காசு வாங்கவில்லை. வந்தவர்கள் வீட்டில் தங்கி, ‘உங்க வீட்டுக்காரர்தானே அந்தக் கூண்டுல’ என்று பேச்சு வந்து, அது டோக்கன்காரர் காதுக்குப் போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் வேஷம் கலைந்துவிடும். அவ்வளவுதான். அதற்காகக் கட்டினவளின் முழங்காலை விற்றிருக்கிறார். பார்க் பெஞ்சு கதையை அப்போதுதான் அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “அதான் தினமும் சோறு ஆறிப்போச்சா” என்றாள்.

கொஞ்சம் கழித்து, “யாரும் திரும்ப வாங்காத பெட்டி ஏதாவது கிடக்குதாடா?” என்று கேட்டாள்.

கிடந்தது. அதற்கு நல்ல சக்கரம் போட நினைத்தேன். அப்புறம் எதற்கு என்று, உடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றியதில் இருப்பதிலேயே சொத்தையான இரண்டைப் பார்த்து மாட்டினேன். சந்தோஷமாகச் செய்த வேலை என்று அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அக்கா அவர் சட்டைகளை எல்லாம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் அந்தப் பெட்டியில் அடுக்கினாள். இருவருமாக ஸ்டேஷனுக்குப் போனோம். கூண்டுக்கு முன்னால் வரிசை. அக்கா வரிசையிலேயே நின்றாள். முன்னால் நின்றவர்களுக்கு அவர் குச்சியை ஆட்டி ஆட்டிச் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. வழக்கம்போலச் செருப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். குச்சி நின்றது.

“வணக்கம் சார். ஒருத்தருக்கு ரூம் வேணும். எந்த ஏரியாவுல தங்கலாம்?” என்றாள் அக்கா.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்துக் கூண்டிலிருந்து டோக்கன்காரர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், பாவம். “எத்தனை நாளைக்கும்மா?” என்று அவரே விசாரித்தார்.

“இனிமேலுக்கு” என்றாள் அக்கா. பிறகு கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து, “மதிலடிச் சந்துன்னு ஒண்ணு இருக்காமே. அங்க ஒரு வீட்ல மாடி ரூம் இருக்காம். அது எப்படி சார்?”

அந்த இடத்தில் அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘என் வீடுதான்’ என்றுகூட வேண்டாம். ‘நல்லா இருக்கும்’ என்றால் போதும். அக்கா பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருப்பாள், அன்றைக்கும் அவருக்குச் சோறு மூடிவைத்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். கண்ணாடி மேல் வைத்த கையை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

அவர் டோக்கன்காரரைப் பார்த்தார். பிறகு வரைபடத்தின் கீழ் மூலைக்குக் குச்சியைக் கொண்டுபோனார்.

“மதிலடி வேண்டாம்மா” என்றார். பெண்டாட்டியை ‘அம்மா’ என்றார்.

“சரி சார்” என்றாள் அக்கா. பெட்டியைக் கூண்டின் பக்கக் கதவருகே தள்ளி வைத்தாள். “தங்கப் போறவர் இப்ப வருவாரு. நீங்களே ஒரு நல்ல ஏரியாவா பாத்துக் கொடுத்துடுங்க.”

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கூண்டைக் கல்லால் அடித்து உடைக்கலாமா என்று எனக்கு இருந்தது.

அன்றைக்கு இருட்டுகிற நேரத்துக்கு அவர் பெட்டியோடு என் கடைக்கு வந்தார். எங்கெங்கோ சுற்றியிருக்கிறார். அப்புறம் தெரிந்தது, எங்கேயும் அறை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கோட்டைக்குள்ளும் ஆற்றங்கரையிலும் ஸ்டேஷன் பின்புறத்திலும் எல்லா ஓட்டல்காரர்களுக்கும் அவரைத் தெரியும். அவர்களிடமும் எக்ஸ்டென்ஷன் என்றுதான் விட்டிருக்கிறார், அங்கே வீடு இருக்கிறவருக்கு எதற்கு அறை என்று கேட்பார்கள். எக்ஸ்டென்ஷனிலோ டோக்கன்காரர் இருக்கிறார். ஊர் முழுவதையும் பிறருக்குப் பங்குபோட்டுக் கொடுத்த மனிதருக்குப் படுக்க ஓர் இடம் இல்லை. மதில் வாசல் தாண்டியதும் சக்கரம் கழன்றிருக்கிறது. நான் போட்ட சக்கரம், நம்பிக்கையைக் காப்பாற்றியது.

“மாப்ள, சக்கரம் போயிடுச்சு” என்றார்.

கடையில் இன்னும் இரண்டு பேர் பெட்டிக்காக நின்றிருந்தார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன்.

“எங்க தங்கியிருக்கீங்க சார்?”

“விளையாடாத மாப்ள.”

“சொன்னாத்தான் எழுத முடியும். எந்த ஏரியா?”

நின்றிருந்தவர்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“மதிலடி” என்றார்.

“காது கேக்கல.”

“மதிலடிச் சந்து” என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல மனிதருக்கு இத்தனை வயசு ஆகியிருக்கிறது. பெட்டி மேல் பெரிதாக எழுதினேன். சக்கரம் போட்டுத் தரவில்லை. தூக்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டேன். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

அக்கா கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அதன் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

“வாங்க சார். ரூம் மாடில இருக்கு. வாடகை தினமும் காலைல கொடுத்துடணும். வெந்நீர் வேணும்னா ராத்திரியே சொல்லிடணும்” என்றாள்.

“என்ன இது, யாராவது கேட்டா சிரிப்பாங்க” என்றார் அவர்.

“யாரு கேக்கப் போறாங்க? நீங்கதான் யாரையும் இங்க வரவிடலையே.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். சாவியை அக்கா அவர் கையில் கொடுக்கவில்லை, படிமேல் வைத்தாள். அவர் குனிந்து எடுத்தார். மறுநாள் காலையில் வாடகையையும் அதே படியில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே அக்கா ஓட்டல் வேலையை விட்டாள். இத்தனை வருஷம் வீட்டுக்காரராக இருந்து கொடுக்காததை விருந்தாளியாக வந்து கொடுக்கிறார். சாப்பாடு உண்டு, சூடாகவே கொடுக்கிறாள். விருந்தாளிக்கு ஆறின சோறு போடுவது தொழிலுக்கு நல்லதில்லை என்கிறாள். சட்டை இஸ்திரி மட்டும் இல்லை. இப்போது கசங்கித்தான் போகிறார். ஆக, அந்த ஒரு நல்ல வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

திருந்திவிட்டாரா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இன்னமும் எக்ஸ்டென்ஷன் பஸ்ஸில்தான் போகிறார். விளக்கு எரியக் காத்திருந்துவிட்டுத்தான் வருகிறார். வந்து, ‘வாங்க சார்’ என்று கூப்பிடப்பட்டு, மாடி ஏறிப் படுக்கிறார்.

போன வாரம் சக்கரம் மாற்ற வந்த ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். “உங்க சந்துலதான் தங்கணும்னு ஆசை. ஸ்டேஷன்ல கேட்டேன். மதிலடியில ரூம் காலியே இல்லைன்னுட்டாரே அந்தக் கூண்டுக்காரர்.”

அதைப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் மொட்டைமாடியில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காரித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்து, கொடியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்:

“அப்ப கீழ முன் ரூமையும் காலி பண்ணிடலாம். நாளைலேருந்து நானே பிளாட்பாரத்துக்குப் போயிடறேன். இறங்குற இடத்துலயே ஆளைக் கூட்டிட்டு வந்துடலாம், கூண்டு வரைக்கும் எதுக்கு விடணும்?”

“முன் ரூமுக்கும் அவரே வாடகை கொடுத்துட்டு வந்து படுத்துக்கிட்டார்னா?”

அக்கா விரிப்பின் மூலையை உதறி இழுத்தாள்.

“அவர் ஒரு ஆள்தானேடா. எத்தனை ரூம்லதான் படுப்பாரு?”